பழைய நாணயங்களை ஆன்லைன் ஏலத்தில் எடுப்பதும் விற்பதும்: முழுமையான வழிகாட்டி

நான் பார்த்தவரை, ஆன்லைன் ஏலத்தில் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் வரிசை மாறிச் செய்பவர்கள்தான். முதலில் ஏலம் கேட்டுவிடுகிறார்கள், பிறகு விலை விசாரிக்கிறார்கள், பணம் கட்டிய பின்தான் நிபந்தனைகளைப் படிக்கிறார்கள். எந்தப் படி எதற்கு முன்னால் வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டெல்லாம் நாணயங்களைப் பற்றியவை, அதிலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா காலத்தவை. தபால்தலை, பழைய பேனா, கேமரா வாங்குபவர்களுக்கும் முக்கால்வாசிப் படிகள் பொருந்தும்.

1. ஏலத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம். இந்த நான்கும் வீட்டுக்கு வருமுன் முதல் நாணயத்தைக் கேட்காதீர்கள். பார்சல் கைக்கு வந்ததுமே திருப்பிக் கொடுப்பதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடும். அப்போது தராசு தேடி அலைய நேரம் இருக்காது.

விக்டோரியா ராணி காலத்திலிருந்து ஆறாம் ஜார்ஜ் காலம் வரை ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. புழங்கித் தேய்ந்த நாணயம் சற்றுக் குறைவாக இருக்கும், 11.5 என்று காட்டினால் கவலை வேண்டாம். 10.2 என்று காட்டினாலோ 12 கிராமைத் தாண்டினாலோ அது வேறு ஏதோ உலோகம்.

காந்தம் வெள்ளியை இழுக்காது. ஆனால் பின்பக்கம் புலி உள்ள 1947-ஆம் ஆண்டு ரூபாயை இழுக்கும், ஏனென்றால் அது நிக்கல். இது தெரியாமல் நல்ல நாணயத்தைப் போலி என்று சொல்லி விற்றவரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

ஐந்தாவதாக ஒரு நோட்டுப் புத்தகம். எதை, எவ்வளவு வரை, ஏன் என்று மூன்று பத்திகள் போதும். கைப்பேசியில் எழுதினால் ஏலச் சூட்டில் எண்ணைத் திருத்திவிடுவீர்கள். பேனாவால் எழுதியதை அடித்துத் திருத்தக் கொஞ்சம் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் பணத்தைக் காப்பாற்றும்.

வெளிநாட்டுத் தளத்தில் கேட்பதாக இருந்தால், வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை முன்பே இயக்கி, ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள். ஏலத்தில் எடுத்துவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று விற்பவருக்குக் கடிதம் எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

2. களத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏலம் நடக்கும் இடங்கள் மூன்று வகை. மூன்றுக்கும் விதிகள் வேறு. ஒன்றில் கற்றதை இன்னொன்றில் அப்படியே செய்தால் அடிபடும்.

முதலாவது ஈபே. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்தியாவில் இருந்தபடி சர்வதேசத் தளத்தில் வாங்கலாம். இங்கே ஏலம் குறித்த நொடியில் முடியும். ஒரு தரம், இரண்டு தரம் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். விற்பவர் இந்தியாவுக்கு அனுப்புவாரா என்பதை முதலில் பாருங்கள். பலர் அனுப்புவதில்லை.

இரண்டாவது, நாணயங்களுக்கென்றே உள்ள இந்திய ஏல நிறுவனங்கள். இவை பட்டியல் வெளியிட்டு, ஒவ்வொரு நாணயத்துக்கும் லாட் எண், அதாவது ஏலத்தில் அதன் வரிசை எண், கொடுத்து நடத்துகின்றன. பெரும்பாலான இடங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். அடையாளச் சான்றும் பான் அட்டையும் கேட்பார்கள், பரிசீலிக்க நேரம் எடுப்பார்கள். ஆகவே ஏல நாளன்று பதிவு செய்ய உட்காராதீர்கள்.

மூன்றாவது, வாட்ஸ்ஆப், பேஸ்புக் குழுக்களில் நடக்கும் ஏலம். படம் போட்டு, ஆரம்ப விலையும் முடியும் நேரமும் எழுதுவார்கள். கேட்பவர்கள் கீழே தொகையை எழுதிக்கொண்டே போவார்கள். விலை மலிவு, கமிஷன் இல்லை, பாதுகாப்பும் இல்லை. குழு நிர்வாகி நேர்மையானவர் என்றால் நல்ல இடம். சேர்ந்த உடனே கேட்காமல் சில வாரம் பார்த்துக்கொண்டிருங்கள். பொருள் வராதபோது நிர்வாகி என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தாலே குழுவின் தரம் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் ஓட்டைக் காலணா, தேய்ந்த காலணா போன்ற மலிவானவற்றைக் கேட்டுப் பழகுங்கள். கேட்பது, பணம் கட்டுவது, பார்சல் பிரிப்பது, கருத்து எழுதுவது என்று முழுச் சுற்றையும் சில்லறைச் செலவில் கற்றுக்கொள்ளலாம். கணக்கில் நல்ல மதிப்பீடுகளும் சேரும். பின்னால் விற்க வரும்போது அவைதான் உங்களுக்குச் சிபாரிசு.

3. சட்டத்தை விலைக்கு முன் படியுங்கள்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1918-இல் அடித்த ரூபாயை அமெரிக்காவில் இருப்பவர் நல்ல விலைக்குக் கேட்டாலும் அனுப்பக் கூடாது. 1940-ஆம் ஆண்டு ரூபாய்க்கு இந்தத் தடை இல்லை. இந்த எல்லைக்கோடு ஆண்டுதோறும் நகரும் என்பதால், விற்பனைக்குப் போடும் ஆண்டில் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் சேகரித்து வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. தொல்பொருளைத் தொழிலாக விற்பதற்கு உரிமம் வேண்டும். அதனால் பழைய நாணயங்களை அடிக்கடி விற்கும் எண்ணம் இருந்தால் ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பதே நிம்மதி.

கரூர் அமராவதி ஆற்று மணலில் எடுத்தது, வைகையில் கிடைத்தது என்ற கதையோடு வரும் செப்புக் காசுகளிடம் கவனம் தேவை. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கதை உண்மையாக இருந்தால் சட்டச் சிக்கல், பொய்யாக இருந்தால் போலி நாணயம். இரண்டு வழியிலும் நமக்கு நட்டம்தான்.

செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டுகளையும் சிலர் கட்டுக்கட்டாக ஏலம் விடுகிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் மட்டும் 25 வரை அனுமதி.

4. விற்ற விலையைத் தேடுங்கள்

கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு காலணாவுக்கு இரண்டு லட்சம் என்று போட்டு ஆண்டுக்கணக்கில் விட்டிருப்பார்கள். ஈபேயில் தேடும்போது, விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டால் சுமார் கடந்த 90 நாட்களில் உண்மையில் கைமாறிய விலைகள் தெரியும். ஏல நிறுவனங்களும் பழைய ஏலங்களின் முடிவுகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன.

ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு பேர் வீம்புக்குக் கேட்டு ஏற்றிய விலையாக இருக்கலாம். ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஏறத்தாழ ஒரே தரம் என்று ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிடுங்கள்.

வெள்ளி நாணயத்துக்கு ஒரு தரைவிலை உண்டு. 1939 வரையிலான ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அது 50 சதவீதமாகக் குறைந்தது, 5.83 கிராம்தான். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். சாதாரண ஆண்டு, தேய்ந்த தரம் என்றால் ஏல விலை அந்தத் தொகையைச் சுற்றியே நிற்கும். அதற்கும் மிகக் கீழே யாராவது விற்கிறார் என்றால் அதிர்ஷ்டம் என்று துள்ளாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஏலத்தின் உண்மையான இன்பமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய், அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அதே ஆண்டெண்ணோடு அடிக்கப்பட்டது. பம்பாய் நாணயச்சாலையில் இடையிடையே புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து வகை பிரியும், வகைக்கேற்ப விலையும் பிரியும். விற்பவர் வெறுமனே ‘1862 ஒரு ரூபாய்’ என்று எழுதியிருப்பார். படத்தைப் பெரிதாக்கி, ஆண்டெண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகளை எண்ணிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்த நாணயம். இப்படி ஒன்று அகப்பட்டால், விற்பவரிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்டு அவரை உஷார்ப்படுத்தாதீர்கள்.

5. படத்தைப் படியுங்கள்

இரண்டு பக்கமும் தெளிவாக இல்லாத படத்துக்குக் கேட்காதீர்கள். வேறு படம் கேளுங்கள். விளிம்பையும், தராசின் மேல் வைத்த நாணயத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளர் அனுப்பிவிடுவார். ‘படத்தில் இருப்பதுதான், வேண்டுமானால் எடுங்கள்’ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

வார்ப்புப் போலிகளில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசித்துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும். உண்மையான ரூபாயின் விளிம்பில் கீற்றுகள் சீராக இருக்கும்.

1939-ஆம் ஆண்டு ரூபாய் அரிதானது, ஆகவே போலிகளும் அதிகம். 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கியவையும் சுற்றுகின்றன. ஆண்டெண்ணின் கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் வேறு நிறத்திலோ சொரசொரப்பாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனம் தரச்சான்று கொடுத்து உறையில் அடைத்த நாணயமாக இருந்தாலன்றி இந்த ஆண்டு ரூபாயை ஆன்லைனில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உறையிலும் போலி உண்டு. அதன்மேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று ஒரு பக்கமும் ராமர் பட்டாபிஷேகம், அனுமன், முருகன் என்று மறுபக்கமும் உள்ள செப்புக் காசுகளைக் கம்பெனி ஒருநாளும் வெளியிட்டதில்லை. எல்லாம் பிற்காலத்தில் விற்பனைக்கென்றே செய்தவை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி இதையே லட்சங்களுக்கு விற்கும் கூட்டமும் உண்டு. நாணயம் எதுவும் அரிசியை இழுக்காது.

6. உச்சத் தொகையைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஏல நிறுவனங்களில் சுத்தியல் விழுந்த விலையை, அதாவது ஏலம் முடிந்த தொகையை, மட்டும் கொடுத்தால் போதாது. வாங்குபவர் கமிஷன், அதற்கு ஜிஎஸ்டி, தபால் செலவு எல்லாம் அதன்மேல் ஏறும். சில இடங்களில் நாணயத்தின் விலைக்கும் தனியாக வரி உண்டு. விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து படித்து, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கமிஷன் 15 சதவீதம், கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு எடுத்த நாணயத்துக்கு 1,500 கமிஷன், 270 வரி. ஆக 11,770, தபால் தனி. இப்போது திருப்பிப் போடுங்கள். மொத்தம் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றால், தபாலுக்கு 150 கழித்து, மீதி 4,850-ஐ 1.177-ஆல் வகுங்கள். 4,120 வரும். நீங்கள் கேட்கக்கூடிய உச்சத் தொகை அதுதான். புதியவர்கள் 5,000 வரை கேட்டுவிட்டு, பில் 6,000-ஐத் தாண்டி வந்ததும் நிறுவனத்தைத் திட்டுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அனுப்பும் செலவு, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், சுங்கவரி மூன்றையும் சேருங்கள். பொட்டலத்தின்மேல் ‘பரிசு’ என்று எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். அது பொய் அறிவிப்பு. வழியில் பொருள் தொலைந்தால், எழுதிய குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடும் கிடைக்கும்.

7. எப்போது, எப்படிக் கேட்பது

ஈபேயில் நீங்கள் உச்சத் தொகையை எழுதினால் தளம் உடனே அவ்வளவையும் கேட்டுவிடாது. எதிராளியை மிஞ்சத் தேவையான அளவு மட்டுமே ஏற்றும். உங்கள் உச்சம் 52.37 டாலர், அடுத்தவரின் உச்சம் 41 டாலர் என்றால் 42 டாலருக்கு எடுத்துவிடுவீர்கள், ஏனென்றால் 25-இலிருந்து 100 டாலர் வரை ஒரு படி ஒரு டாலர். இது புரியாதவர்கள் ஒவ்வொரு டாலராகக் கேட்டு, தங்கள் ஆர்வத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார்கள். பதிலுக்கு மற்றவர்களும் ஏற்றுகிறார்கள்.

முழு எண்ணாக எழுதாதீர்கள். எல்லோரும் 50 டாலர் என்று நினைப்பார்கள். இருவர் ஒரே தொகை கேட்டிருந்தால் முதலில் கேட்டவருக்குத்தான் பொருள். 52.37 என்ற எண் அந்தச் சமநிலையை உடைக்கும்.

குறித்த நொடியில் முடியும் ஏலத்தில் கடைசி பத்துப் பதினைந்து விநாடிகளில், ஒரே முறை, உச்சத் தொகையோடு கேட்பதே சரி. எதிராளி யோசித்துத் தன் வரம்பை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்காது. நேரம் நீளும் ஏலத்தில் இந்த வித்தை செல்லாது. அங்கே எழுதிய தொகை வரை பொறுமையாகக் கேட்டு, தாண்டியதும் எழுந்து போய்விட வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிறு மாலை ஆறு மணி என்பது கோடையில் நமக்குத் திங்கள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அலாரம் வைக்கும்போது இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டுப் பிறகு புலம்புபவர்கள் ஏராளம்.

தவறுதலாக 45-க்குப் பதில் 450 என்று அடித்துவிட்டால் உடனே திரும்பப் பெறுங்கள். ஈபேயில் முடிவுக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் திரும்பப் பெற முடியும். மனம் மாறிவிட்டது என்பது ஏற்கத்தக்க காரணம் ஆகாது.

கேட்டவர்களின் வரலாற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே ஆள் இந்த விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டுமே கேட்கிறார், எதையும் எடுப்பதில்லை, அடிக்கடி திரும்பப் பெறுகிறார் என்றால் அவர் விலை ஏற்றிவிட வைத்த ஆளாக இருக்கலாம். குழு ஏலங்களில் இது இன்னும் சாதாரணம். நிரூபிப்பது கடினம். அந்த விற்பனையாளரை விட்டு விலகுவதுதான் மிச்சம்.

8. பார்சலைப் பிரிக்கும் முறை

முகவரி, முத்திரை எல்லாம் தெரியும்படி பிரிக்காத பொட்டலத்தைக் காட்டித் தொடங்கி, நாணயத்தைத் தராசில் வைப்பது வரை வெட்டாமல் ஒரே காணொளியாக எடுங்கள். இந்தியாவில் பல விற்பனையாளர்கள் இது இல்லாத புகாரை ஏற்பதே இல்லை.

பிறகு எடை, விட்டம், காந்தம், லென்ஸ் என்ற வரிசையில் சோதியுங்கள். ஏதாவது பொருந்தவில்லை என்றால் முதலில் விற்றவருக்குப் பணிவாக எழுதுங்கள். பாதித் தகராறுகள் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், விவரித்தபடி பொருள் இல்லை என்ற புகாரை ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் எழுப்பலாம். தளத்துக்கு வெளியே பேசி, வெளியே பணம் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘கமிஷன் மிச்சமாகும், நேரடியாக அனுப்புங்கள்’ என்று வரும் அழைப்பை மறுக்க இந்தக் காரணம் ஒன்றே போதும்.

9. விற்பதற்கு முன்: கழுவாதீர்கள்

விற்பனையின் முதல் படி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நம் வீடுகளில் பழைய காசு என்றதும் புளியும் விபூதியும் வந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்து, அதைப் படம் எடுத்துப் போடுவார்கள். அந்தப் பளபளப்பு சேகரிப்பவரை விரட்டிவிடும். தேய்த்த நாணயத்தின் பரப்பில் லென்ஸின் கீழே மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். காலத்தால் படிந்த கருமையும் பழுப்பும் ஒருமுறை போனால் திரும்ப வராது. விலை பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். நாளாக ஆகப் பச்சைப் பிசின் படியும்.

10. படமும் விவரமும்

ஜன்னலோரம், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிளாஷ் வெள்ளியை வெள்ளைத் தட்டாக்கிவிடும். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசின் மேல் என்று நான்கு படங்கள் போதும். கைப்பேசியை நாணயத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழலே விழும். சற்றுத் தள்ளி வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

தலைப்பில் நாடு, ஆண்டு, மதிப்பு, உலோகம், நாணயச்சாலை இந்த ஐந்தும் வரட்டும். தேடுபவர் அடிக்கும் சொற்கள் இவைதான். ‘மிக அரிது’, ‘அபூர்வம்’ என்று யாரும் தேடுவதில்லை. சுதந்திர இந்திய நாணயமாக இருந்தால் ஆண்டெண்ணுக்குக் கீழே பாருங்கள்: வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

குறையை நீங்களே எழுதுங்கள்: விளிம்பில் அடிபட்டது, பின்பக்கம் கீறல், பழைய சங்கிலி வளையம் ஒட்டி எடுத்த தழும்பு. காசுமாலையில் கோத்திருந்த ரூபாய்களில் இந்தத் தழும்பு அடிக்கடி தென்படும், மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள். குறையை எழுதினால் விலை கொஞ்சம் குறையும். எழுதாவிட்டால் பொருளே திரும்பி வரும், போகவர ஆன தபால் செலவும் உங்கள் தலையில்.

11. ஆரம்ப விலையும் முடியும் நேரமும்

பலர் தேடும் சாதாரண நாணயம் என்றால் ஆரம்ப விலையைத் தாழ்வாக வையுங்கள். முதலில் கேட்ட ஆள் அதன்பிறகு விட்டுக்கொடுக்கத் தயங்குவார், கூட்டமும் சேரும். இரண்டே பேர் தேடும் அரிய வகை என்றால் நீங்கள் ஏற்கும் குறைந்த விலையிலேயே தொடங்குங்கள். அந்த இரண்டில் ஒருவர் அன்று ஊரில் இல்லையென்றால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு ரூபாயில் தொடங்குவது துணிச்சல் ஆகாது.

உள்நாட்டு ஏலம் ஞாயிறு இரவு ஒன்பதரை வாக்கில் முடியட்டும். சாப்பிட்டு முடித்து மக்கள் கைப்பேசியை எடுக்கும் நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதமும் வேண்டாம்.

வெளிநாட்டுக்கு விற்பதானால், நூறாண்டு விதிக்கு உட்பட்டு, ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் வழி ஏற்றுமதிக்கு அஞ்சல்துறையின் தாக் கர் நிர்யாத் கேந்திரா உதவுகிறது. முதல் விற்பனைக்கு முன் அங்கே ஒருமுறை நேரில் போய், நாணயம் அனுப்ப எந்தெந்த நாட்டுக்கு அனுமதி, காப்பீடு எப்படி என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

12. கட்டி அனுப்புவது

பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். குலுங்கும் பொட்டலம், உள்ளே காசு இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்.

நாணயத்தை மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் சாளரமுள்ள அட்டை உறையில் வைத்து, அதை இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, பிறகு குமிழித்தாள் உறையில் போடுங்கள். பசை நாடா நாணயத்தில் படக் கூடாது. மேலே ‘நாணயம்’, ‘வெள்ளி’ என்றெல்லாம் எழுதவும் கூடாது. ஆனால் அஞ்சலகக் கவுண்டரில் உள்ளடக்கத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்லிக் காப்பீடு செய்யுங்கள்.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டணத்தை மனத்தில் வைத்து விற்பனை விவரத்தில் தபால் செலவை எழுதாதீர்கள். அனுப்பிய அன்றே கண்காணிப்பு எண்ணை வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டால், ‘அனுப்பியாயிற்றா’ என்ற கேள்விகள் பாதியாகக் குறையும்.

13. பணம் வருமுன் வரும் தொல்லைகள்

எடுத்தவர் பணம் கட்டாமல் மறைந்துவிடுவது அன்றாட நிகழ்ச்சி. கோபப்படுவதில் பயனில்லை. ஈபேயில் நான்கு நாள் காத்திருந்து, பணம் கட்டாதவர் என்று ரத்து செய்யலாம். அடுத்த உயர்ந்த தொகை கேட்டவருக்கு இரண்டாம் வாய்ப்பும் கொடுக்கலாம். குழு ஏலத்தில் நிர்வாகியிடம் சொல்லி, அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள்.

‘பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் குறியை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணைப் (PIN) போடுங்கள்’ என்று எவராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் வந்துவிட்டது என்று அனுப்பப்படும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பின்பே பொட்டலத்தைக் கட்டுங்கள்.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரங்களும் இதே குடும்பம்தான். நோட்டை வாங்க ஒப்புக்கொண்டு, ரிசர்வ் வங்கியின் பெயரில் வரி, கமிஷன், பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். அப்படிப் பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குபவர் எவராக இருந்தாலும் மோசடிக்காரர். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் போன பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

விற்காமல் நின்ற நாணயத்தை மறுநாளே மறுபடி போடாதீர்கள். தொடர்ந்து பார்ப்பவர்கள் ‘இது ஓடாத சரக்கு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, படத்தை மாற்றி, ஆரம்ப விலையைப் பத்து சதவீதம் குறைத்துப் போடுங்கள். அப்போதும் நின்றுவிட்டால் அதே ஆண்டின் வேறு சில நாணயங்களோடு சேர்த்து ஒரே லாட்டாக விடுங்கள். தனித்தனியாக யாரும் சீண்டாதவற்றை, மொத்தமாக வாங்கிப் புள்ளி எண்ணிப் பார்க்கும் ஆசாமிகள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் லென்ஸை எடுத்து நீங்களே ஒருமுறை எண்ணிவிடுங்கள்.